பூஜ்ஜியம் பைட்

மார்ச் 3

சாயங்காலம் அத்தை சொல்லச் சொல்ல வத்தக்குழம்புப் பக்குவத்தைத் தட்டச்சு செய்தேன், நானே எழுதிய சின்னக் குறிப்பேட்டு நிரலில். ‘சேமி’யை அழுத்திப் பத்து விநாடி இருக்கும், கரண்ட் போனது. மறுபடி கணினியைப் போட்டால், கோப்பின் பெயர் இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. அளவு 0 பைட்.

மார்ச் 4

என் லினக்ஸ் கணினியின் வட்டில் இருப்பது எக்ஸ்ட்4 கோப்பு முறைமை. கோப்பின் பெயரைச் சுமார் 5 விநாடிக்குள் வட்டிலுள்ள பதிவேட்டில் ஏற்றிவிடும். உள்ளடக்கமோ அரை நிமிடம்வரை நினைவகத்திலேயே காத்திருக்கும். சேர்ந்தாற்போல் ஓரிடம் பார்த்து எழுதினால் வட்டு வேகமாக இயங்கும் என்பதற்கான ஏற்பாடு அது; ‘தாமத ஒதுக்கீடு’ என்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் குழம்பு போயிற்று.

இதே இழப்பு 2009-இல் பலருக்கு நேர்ந்தது. எக்ஸ்ட்4 நிலைபெற்றதாக அறிவிக்கப்பட்ட சில வாரங்களில், உபுண்டு பயனர்கள் கணினி உறைந்து மீண்டபின் கேடிஈ டெஸ்க்டாப்பின் அமைப்புக் கோப்புகள் வெறுமையாகக் கிடப்பதைக் கண்டார்கள். பெரிய வாக்குவாதம் மூண்டது.

மார்ச் 5

இரு தரப்பையும் நாள் முழுக்கப் படித்தேன். எக்ஸ்ட்4-ஐப் பராமரித்த தியோடர் சோ சொன்னது: தரவு வட்டில் சேர்ந்தே ஆகவேண்டுமென்றால் நிரல் ‘எஃப்சிங்க்’ என்று கேட்க வேண்டும், யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் நெறி அப்படித்தான் சொல்கிறது.

டெஸ்க்டாப் நிரலாளர்களுக்கும் நியாயம் இருந்தது. பழைய எக்ஸ்ட்3-இல் எஃப்சிங்க் கேட்டால் மற்ற நிரல்களின் தரவையும் சேர்த்து எழுதி முடிக்கும்வரை காத்திருக்க நேரும். 2008-இல் ஃபயர்ஃபாக்ஸ் 3 அதனால்தான் திணறியது. கேட்காமலிருப்பதே நல்ல பழக்கம் என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே முந்தைய கோப்பு முறைமை.

எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்து நடந்ததுதான். நெறி தன் பக்கம் இருக்கிறது என்று சோ ஒதுங்கிவிடவில்லை. பழைய கோப்பின் இடத்தில் புதியதை வைக்கும்போது உள்ளடக்கத்தை உடனே வட்டுக்கு அனுப்பும் திருத்தத்தை அவரே எழுதினார். அது லினக்ஸின் 2.6.30 கெர்னலில் சேர்ந்தது. தன் வாதத்தைக் கைவிடாமலே எதிர்த் தரப்பின் இழப்பைத் தடுத்தார். கட்டற்ற மென்பொருள் உலகத்தின் சண்டைகளை நான் மதிப்பது இதனால்தான்: சத்தம் ஓய்ந்தபின் எல்லோருக்கும் பயன்படும் சில வரி நிரல் மிஞ்சுகிறது.

மார்ச் 6

அந்தத் திருத்தம் பழைய கோப்பை மாற்றி எழுதும்போதுதான் காக்கும். என்னுடையது புத்தம்புதுக் கோப்பு. பிழை என் நிரலில். ‘சேமி’ என்று பொத்தானில் எழுதிவைத்தவன் அந்தச் சொல்லைக் காப்பாற்ற வேண்டும். எஃப்சிங்க் வரியைச் சேர்த்தேன்.

அத்தை சலிக்காமல் மறுபடி முதலிலிருந்து சொன்னார். சேமித்த கையோடு பிளக்கைப் பிடுங்கினேன். திரும்பப் போட்டுப் பார்த்தால் 2,846 பைட். சுண்டைக்காய் வத்தலை நல்லெண்ணெயில் வறுப்பதுவரை எல்லாம் இருந்தது.