மூன்றாவது பெடல்

ஆட்டோமாடிக் வண்டியை மானுவலாக மாற்றுவது, பெரும்பாலோர் பார்வையில், கிரைண்டரைக் கொடுத்துவிட்டு ஆட்டுக்கல்லை வாங்கி வருவதற்குச் சமம். மனித குலம் ஒரு நூற்றாண்டுக் காலம் முயன்று தன் இடது காலுக்கு விடுதலை வாங்கித் தந்திருக்கிறது. அதை வலியப் போய்த் திருப்பிக் கொடுப்பவனை நண்பர்கள் சற்றுக் கவலையுடன்தான் பார்ப்பார்கள். என்னையும் அப்படித்தான் பார்த்தார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலைவிட, அந்த வேலையைச் செய்துகொண்டிருக்கையில் எனக்குக் கிடைத்த பதில் வேறாக இருந்தது. அதை எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

டென்வர் நகரின் புறப்பகுதியில் வசிக்கும் எங்களிடம் இருப்பது 1995ஆம் ஆண்டின் ஜீப் செரோக்கி. 1984 மாடலில் தொடங்கி 2001 வரை ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரில் தயாரான வண்டி வகை அது. குழந்தையிடம் கார் வரையச் சொன்னால் எதை வரையுமோ அந்த உருவம். ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர்கள் கொண்ட நான்கு லிட்டர் எஞ்சின். இந்தப் பக்கத்து மலைச் சாலைகளில் இன்றும் இவற்றை நிறையப் பார்க்கலாம்.

ஜீப்புக்கும் கியருக்கும் உள்ள உறவு பழையது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் மூன்று கியர்களும் ஒரு கிளட்சும் இருந்தன. அதே காலத்தில் ஆட்டோமாடிக்கும் வந்துவிட்டது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபீல் கார்களில் ஹைட்ராமாட்டிக் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்தப் பெட்டி, சில ஆண்டுகளுக்குள் எம்5 என்ற அமெரிக்க இலகு ரகப் பீரங்கி வண்டியில் ஏறிப் போருக்கே போய்வந்தது. ஆகவே ஆட்டோமாடிக் என்பது சோம்பேறிகளின் கருவி என்ற பேச்சு வரலாற்றின் முன் நிற்காது. நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு அது 1963 மாடல் ஜீப் வேகனீரில் வந்து சேர்ந்தது. அதன் வழித்தோன்றல்களில் ஒன்றுதான் எங்கள் வண்டி.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கத்தனத்தின் அடையாளமாகச் சொல்லப்படும் இந்த ஜீப்பில் இருந்த ஆட்டோமாடிக் பெட்டி ஏடபிள்யூ4, ஜப்பானிய ஐசின் குழுமத்துடையது. அதன் இடத்தில் நாங்கள் வைத்த ஏஎக்ஸ்15 என்ற ஐந்து கியர் மானுவல் பெட்டியும் அதே குழுமத்துடையதுதான். ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் இறங்கி மற்றவர் ஏறிக்கொண்டார், அவ்வளவே.

எங்கள் பெட்டி கெட்டுப்போனதற்கு அதைச் செய்தவர்கள் பொறுப்பல்ல. நீண்ட ஆயுளுக்குப் பெயர்பெற்ற பெட்டி அது. எங்களுக்கு முன் வைத்திருந்தவர் பாரமான டிரெய்லர்களை மலை மலையாக இழுத்திருக்கிறார், எண்ணெய் மாற்றியதாகத் தெரியவில்லை. அளவுகோலை உருவிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தது. 2019ஆம் ஆண்டு வசந்தத்தில் மூன்றாவது கியர் வழுக்கத் தொடங்கியது. பெட்டியைப் பிரித்துப் புதுப்பிக்கலாம், வேறொன்று வாங்கி வைக்கலாம், அல்லது மாற்றிவிடலாம். மூன்றாவது வழி என் மனதில் நெடுநாளாக இருந்தது.

காரணம் மலை இறக்கங்கள். டென்வரிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலை, சுமார் 11,000 அடி உயரத்தில் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தைக் கடந்ததும் சில்வர்தார்ன் ஊரை நோக்கிச் சரிகிறது. பிரேக் தீய்ந்த லாரிகள் ஓடி ஏறி நிற்பதற்கென்று அங்கே சரளை மேடுகள் அமைத்திருக்கிறார்கள். அத்தகைய இறக்கங்களில் வண்டியைப் பிடித்து வைக்க வேண்டியது எஞ்சின். ஆட்டோமாடிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் இடையே இருப்பது எண்ணெய். எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறிகளில் ஒன்றைச் சுழலவிட்டால் அதன் காற்றில் மற்றொன்றும் சுழலுமல்லவா, அதுதான் அதன் தத்துவம், காற்றுக்குப் பதில் எண்ணெய். தாழ்ந்த கியரில் பூட்டி வைத்தாலும் அந்த எண்ணெய்க்குள் பிடி சற்று நழுவும், வண்டி மெல்ல மெல்ல வேகம் கூடும். கிளட்சில் அந்த நழுவல் கிடையாது.

ஆல்மாவுக்கும் லெட்வில்லுக்கும் இடையே 13,185 அடியில் உள்ள மஸ்கிட்டோ கணவாயின் கல்சாலையில் இறங்குவதென்றால் கணக்கே மாறிவிடும். ஆட்டோமாடிக்கின் முதல் கியர் விகிதம் 2.80, மானுவலில் 3.83. டிரான்ஸ்ஃபர் கேஸின் தாழ்நிலை விகிதம் 2.72, எங்கள் அச்சின் விகிதம் 3.55. பெருக்கிப் பார்த்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற ஆட்டோமாடிக்கில் எஞ்சின் ஏறக்குறைய 27 முறை சுற்றுகிறது, மானுவலில் ஏறக்குறைய 37 முறை. பிரேக்கைத் தொடாமல் நடைவேகத்தில் இறங்குவதற்கு இந்தப் பத்துச் சுற்றுகள் போதும்.

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாறைகளின் மீது அங்குலம் அங்குலமாக ஏறுவதற்கு ஆட்டோமாடிக்தான் மேல். அந்த எண்ணெய் விசிறி, வண்டி நின்ற நிலையிலிருந்து கிளம்புகையில் எஞ்சினின் முறுக்கு விசையைப் பெருக்கிக் கொடுக்கும், எஞ்சின் அணைந்து போகாது. நகர நெரிசலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எனவே இது முன்னேற்றமும் இல்லை, பின்னேற்றமும் இல்லை. ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது.

இந்தக் கணக்கையெல்லாம் காகிதத்தில் எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் வாரத்தில் மூன்று இரவுகள் மருத்துவமனைப் பணிக்குப் போகிறவள். பனி கொட்டும் நாட்களில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் இந்த வண்டியைத்தான் எடுத்துப் போவாள். அமெரிக்காவுக்கு வந்த பிறகு ஆட்டோமாடிக்கில் மட்டுமே ஓட்டப் பழகியவள். விகிதங்களை அவள் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப இனிமே நான் இந்த வண்டியத் தொட முடியாதா?"

உதிரி பாகங்களின் பட்டியலில் இல்லாத செலவு அது. வண்டி இருவருடையது, வேலை முடிந்த பின் அது ஒருவருடையதாக மட்டும் ஆகிவிடக்கூடும். அவளே ஒரு நிபந்தனையும் வைத்தாள்: பெட்டியைக் கழற்றுவதற்கு முன்னால் அவள் மானுவல் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும். வரவில்லையென்றால் வேறொரு ஆட்டோமாடிக்கையே வாங்கி வைத்துவிட வேண்டும். முடிவு அவளுடையது.

நண்பர் ஒருவரின் பழைய சிறிய காரை வாங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காலியாகக் கிடக்கும் ஓர் அலுவலக வளாகத்துக்குப் போனோம். முதல் வாரம் வண்டி குலுங்கி அணைவதும் மறுபடி உயிர் பெறுவதுமாகக் கழிந்தது. நான் ஹாஃப் கிளட்ச் என்பதை எஞ்சினின் சுற்றுகளை வைத்து விளக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாரத்தின் நடுவில் அவள் என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். பெடலை விட்டாள், வண்டி ஒரு சலனமும் இல்லாமல் நகர்ந்தது.

"தூங்கின குழந்தையத் தொட்டில்ல போடுற மாதிரிங்க இது. கையச் சட்டுனு எடுத்தா முழிச்சுக்கும்" என்றாள்.

கிளட்சைப் பற்றி நான் படித்த எந்தக் கையேட்டிலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை. மூன்றாவது ஞாயிறன்று ஒரு மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மூன்று முறை கிளப்பிக் காட்டினாள். அன்று மாலையே, ஒரு காயலான் கடையில் பார்த்து வைத்திருந்த அதே தலைமுறை மானுவல் செரோக்கிக்கு விலை பேசினேன். பக்கவாட்டில் நசுங்கி, ஓட்டத்துக்கு உதவாமல் கிடந்த வண்டி. தேவையான அனைத்தும் ஒரே வண்டியிலிருந்து கிடைப்பது இத்தகைய வேலையில் பாதிப் புண்ணியம்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார், லாரிப் பட்டறைகளில் காலம் கழித்தவர். அவர் துணையோடு நான்கு வார இறுதிகள் ஆயின. பழைய பெட்டியை எஞ்சினோடு பிணைத்திருக்கும் போல்ட்டுகளில் மேலே உள்ள இரண்டும் சாதாரணத் தலை கொண்டவை அல்ல. வெளிப்புறம் நட்சத்திர வடிவம், இடமோ கைக்கும் கண்ணுக்கும் எட்டாதது. நீண்ட இணைப்புக் கம்பிகளைக் கோத்து, வண்டிக்கடியில் மல்லாந்து படுத்தபடி அவற்றைக் கழற்றவே ஒரு முழு நாள்.

அதன் பிறகுதான் எனக்கு அந்த இன்னொரு பதில் கிடைக்கத் தொடங்கியது. பெட்டியை மாற்றுவது இதில் சிறிய பங்குதான். பெட்டி இதுவரை யாருக்கும் சொல்லாமல் செய்துவந்த வேலைகள் ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஆள் போட வேண்டியிருந்தது. எஞ்சினின் பின்முனையில் இருந்த மெல்லிய தகட்டைக் கழற்றி, கனமான ஃப்ளைவீலைப் பொருத்தினோம். சுழற்சியின் நெளிவுகளை முன்பு எண்ணெய் விழுங்கிக்கொண்டது, இனி இந்த எடைதான் சமன்செய்ய வேண்டும். ஃப்ளைவீலின் விளிம்பில் சில வெட்டுகள் இருக்கும், ஓர் உணரி அவற்றைப் படித்துத்தான் எஞ்சினுக்கு எப்போது தீப்பொறி தர வேண்டும் என்று கணினிக்குச் சொல்கிறது. பொருந்தாத தலைமுறையின் ஃப்ளைவீலை மாட்டினால் எஞ்சின் கிளம்பாமலே போகலாம். கிராங்க் தண்டின் முனைக் குழியில், புதுப் பெட்டியின் தண்டு தாங்கி நிற்க ஒரு சிறிய பேரிங். பிறகு கிளட்சுத் தட்டு, அதை அமுக்கும் தட்டு, கால் விசையை எண்ணெய்க் குழாய் வழியே கொண்டுபோகும் இரு சிலிண்டர்கள்.

ஆட்டோமாடிக் வண்டியில் பிரேக் பெடல் அகலமானது, இரண்டு கால்களுக்கும் இடம் கொடுப்பது போல. அதைக் கழற்றிவிட்டு, குறுகிய பிரேக் பெடலும் அதன் இடப்பக்கம் கிளட்சு பெடலும் சேர்ந்த சட்டகத்தை மாட்டினோம். ரேடியேட்டருக்குள் ஓடிக் குளிர்ந்துவந்த பெட்டி எண்ணெயின் குழாய்களுக்கு மூடி போட்டோம். இரண்டு வண்டி நீளங்களும் ஒன்றாக இருந்தும் ஓட்டுத்தண்டுகளின் அளவு அப்படியே பொருந்தாது என்பதால் அவற்றையும் பழைய வண்டியிலிருந்தே எடுத்தோம். டிரான்ஸ்ஃபர் கேஸ் மட்டும் முறுக்காமல் இரு பெட்டிகளோடும் ஒத்துப்போனது. நல்ல மனிதர்.

மின்கம்பிகளில் ஒரு விஷயம் இருக்கிறது, அவசரக்காரர்கள் அதைக் கடந்துவிடுவார்கள். ஆட்டோமாடிக்கில் கம்பு பார்க்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட்டர் வேலை செய்யும். அதற்கான சுவிட்ச் பழைய பெட்டியோடு போய்விடுகிறது. அந்த இரு கம்பிகளையும் நேரடியாகச் சேர்த்து முறுக்கிவிட்டாலும் வண்டி கிளம்பும். ஆனால் கியரில் நிற்கும் வண்டியில் யாராவது சாவியைத் திருப்பினால் அது முன்னால் பாயும். முன்னால் கதவு இருக்கலாம், குழந்தை இருக்கலாம். அந்தச் சுற்றைக் கிளட்சு பெடலின் சுவிட்ச் வழியாகக் கொண்டுபோக ஒரு மாலை கூடுதலாகச் செலவாயிற்று. பின்விளக்கின் கம்பியையும் புதிய பெட்டியின் ரிவர்ஸ் சுவிட்சுக்கு மாற்றினோம்.

கடைசியாக "பி" என்ற அந்த ஓர் எழுத்து. ஆட்டோமாடிக் வண்டியை நிறுத்துகிறவர் கம்பைத் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். உள்ளே ஒரு சிறு இரும்புப் பல் விழுந்து வண்டி முழுவதையும் பிடித்துக்கொள்கிறது. ஆண்டுக்கணக்கில் அதை நம்பியிருந்ததால் எங்கள் ஹேண்ட் பிரேக்கின் கம்பிகள் துருவேறிக் கிடந்தன. பெட்டி மாறினால் அந்தப் பல்லும் போய்விடும். எனவே கம்பிகளையும் பின்சக்கர பிரேக் கட்டைகளையும் புதிதாக மாற்றி, எங்கள் தெருவின் மேட்டில் நிறுத்தி வைத்து, ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த பிறகே வேலை முடிந்ததாக ஒப்புக்கொண்டோம்.

அன்று எனக்குப் புரிந்தது இதுதான். எது உயர்ந்தது என்ற விவாதத்துக்கு முடிவில்லை, தேவையும் இல்லை. ஆட்டோமாடிக் என்பது சில வேலைகளை நம்மிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்ட பெட்டி. அதை இறக்கினால் அந்த வேலைகள் எங்கும் மறைந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் காலுக்கோ, கைக்கோ, நினைவுக்கோ வந்து சேர்கிறது. அவற்றை ஏற்கப் போகிறவர் யார், அவர் சம்மதித்திருக்கிறாரா என்பதே கேட்க வேண்டிய கேள்வி. என் மனைவி அதை என் கணக்குத்தாளைப் பார்க்காமலே கேட்டுவிட்டாள்.

அந்தக் குளிர்காலத்திலிருந்து பனி இரவுகளில் அவளே ஓட்டிப் போகிறாள். சரிவுகளில் அவள் பிரேக்கைத் தொடுவது அபூர்வம். இரண்டாவது கியரில் எஞ்சின் முனகும் ஓசையைக் கேட்டே வேகத்தைச் சொல்லிவிடுகிறாள்.

கழற்றிய பாகங்கள் கொஞ்ச காலம் கராஜில் கிடந்தன. ஒரு நாள் பியூப்லோவிலிருந்து ஒருவர் அவற்றைக் கேட்டு வந்தார், அறுபதைத் தாண்டியவர். இளமை முதல் தன் மானுவல் செரோக்கியை ஓட்டி வந்தவர். இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு கிளட்சை மிதிக்க முடியவில்லை. வண்டியை விற்க மனமில்லாமல், அதை ஆட்டோமாடிக்காக மாற்றிக்கொள்ள முடிவு செய்திருந்தார். புதுப்பித்த பெட்டி ஒன்று ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அவருக்கு வேண்டியிருந்தவை கட்டுப்பாட்டுக் கணினி, கம்பு, மெல்லிய தகடு, அந்த அகலமான பிரேக் பெடல். நான் எழுதி வைத்திருந்த பட்டியலையும் கேட்டார். கொடுத்தேன். எங்கள் பட்டியலை அவர் கீழிருந்து மேலாகப் படித்தால் போதுமானதாக இருந்தது.