மலைக்கு அப்பால் ஒரு குரல்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். மலையகத்திலிருந்து ஒரு செய்தியைக் கொழும்புக்கு அனுப்புவதற்காகத் தபால் நிலைய வாசலில் நனைந்தபடி நின்ற நாட்கள் பல. அதனால்தானோ என்னவோ, ஓய்வு பெற்று ஹட்டனுக்கு அருகே குடிவந்தபின் ஹாம் வானொலியில் ஆசை பிறந்தது. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பரீட்சை எழுதி, 4எஸ்7 எனத் தொடங்கும் அழைப்புக் குறியும் பெற்றேன்.

பேசுவதற்குத்தான் வழியில்லை. பிதுருதலாகலை 2,524 மீற்றர் உயரம். அதன் உச்சியிலிருந்து ஒளிபரப்புபவர்களுக்கு மலை துணை. பள்ளத்தில் வசிப்பவனுக்கோ அது சுவர். கையடக்கக் கருவியின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. என்னுடைய 5 வோட் கருவி எதிரேயுள்ள தேயிலைச் சரிவோடு நின்றுவிடும்.

இளம் நண்பர் ஒருவர் ஹொட்ஸ்பொட் என்ற வழியைச் சொன்னார். உள்ளங்கையளவான ராஸ்பெரி பை கணினி. அதன்மேல் ஒரு சிறு வானொலிப் பலகை. அதன் ஆற்றல் சுமார் 10 மில்லிவோட்தான், வீட்டைத் தாண்டாது. தாண்டவும் வேண்டியதில்லை. கருவி என் குரலை எண்களாக்கி அனுப்பும். ஹொட்ஸ்பொட் அதை வாங்கி இணையத்தில் சேர்க்கும்.

பை-ஸ்டார் மென்பொருளை நினைவட்டையில் பதிந்தேன். அழைப்புக் குறியைக் காட்டிப் பதிவு செய்ததும் ஏழு இலக்க டி.எம்.ஆர். எண் கிடைத்தது, இலங்கையருக்கு அது 413 எனத் தொடங்கும். செய்மதிகளுக்குரிய 435 முதல் 438 மெகாஹேர்ட்ஸ் வரையான பகுதியைத் தவிர்த்து ஓர் அலைவரிசையைத் தேர்ந்தேன். அலைவரிசையும் வர்ணக் குறியீடும் நேரத் துண்டும் இரு கருவிகளிலும் ஒன்றாயிருக்க வேண்டும். எல்லாம் ஒன்றாகவே இருந்தன.

ஆனாலும் முதலிரவு தோல்வி. பேசியதைத் திருப்பிச் சொல்லும் 9990 என்ற 'கிளி' எண்ணை அழைத்தேன். திரும்பி வந்தது தவளைச் சத்தம். திரையில் பிழை வீதம் 5 சதவீதத்துக்கும் மேல். சிறு பலகைகளில் உள்ள படிகம் சில நூறு ஹேர்ட்ஸ் விலகியிருப்பதுண்டு என்று பின்னர் அறிந்தேன். அந்த விலகலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்த, பிழை 1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியது. கிளி என் குரலிலேயே பேசியது. மறுநாள் உலகப் பொதுக் குழுவான 91இல் மெல்பேர்ன்காரர் ஒருவர், "ஹட்டன் எங்கே இருக்கிறது?" என்று கேட்டார். தேயிலையைச் சொல்லி விளங்கவைத்தேன்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகமெங்கும் மண் சரிந்தது. நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் பக்கத்தில் முதலில் மின்சாரம் போனது. பிறகு கைத்தொலைபேசிச் சமிக்ஞையும் போனது. மின்கலத்தில் ஹொட்ஸ்பொட் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. உலகத்தையே வீட்டுக்குக் கொண்டுவந்த பெட்டி, கோபுரம் படுத்ததும் வெறும் விளக்காகிவிட்டது.

கருவியைப் பழைய எஃப்.எம். முறைக்கு மாற்றிக்கொண்டு மேட்டு லயத்தின் பின்புறம் ஏறினேன். அடுத்த மலையிலிருந்த நண்பர் பதிலளித்தார். அவரிடம் சிற்றலைக் கருவியும் கார் மின்கலமும் இருந்தன. அவர் கொழும்பில் ஒருவரைப் பிடிக்க, அந்த மனிதர் வெள்ளவத்தையிலுள்ள என் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான்: "அப்பா சுகம். லயத்து ஆட்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள்." 2004 சுனாமியின்போது அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் செய்தி கொடுத்ததும் இதே சிற்றலைதான்.

ஹொட்ஸ்பொட்டை நான் கைவிடவில்லை. இன்றும் மாலையில் மெல்பேர்ன்காரரோடு பேசுகிறேன். ஆனால் ஞாயிறுதோறும் அதை அணைத்துவிட்டு, மேட்டில் ஏறி, அடுத்த மலையை நேரடியாக அழைத்துப் பார்க்கிறேன். லயத்துப் பிள்ளைகள் இருவர் கூடவே வருகிறார்கள், பரீட்சைக்குப் படிக்கிறார்களாம்.