அப்பாவின் கணிப்பான்

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அப்பா சிறிய மளிகைக் கடை நடத்திவந்தார். இரவில் கடையை அடைத்ததும், குழல் விளக்கின் கீழ் அமர்ந்து கணக்குப் பார்ப்பார். அதற்கு அவரிடம் சூரிய ஒளிக் கணிப்பான் ஒன்று இருந்தது. அதில் மின்கலம் கிடையாது. எண்கள் தெரியும் திரைக்கு மேலே ஒரு கரும்பட்டை மட்டும் இருக்கும்.

அந்தப் பட்டை வெறும் அழகுக்காக இருக்கிறது என்று நினைத்தேன். அதை இன்னும் அழகாக்க விரும்பி, ஒருநாள் அதன்மேல் பூப்படம் போட்ட ஒட்டுவில்லை ஒன்றை ஒட்டினேன். அன்றிரவு கணிப்பான் இயங்கவில்லை. பூவை அப்பா பெரிதாக எண்ணவில்லை. “பழுதாகிவிட்டது போலிருக்கிறது,” என்று கூறிவிட்டு, தாளில் எழுதிக் கூட்டத் தொடங்கினார். நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் மாலை, எதிர்வீட்டுப் பாட்டி கடைக்கு வந்தார். கடன் கணக்கைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது. “தம்பி, நான் இவ்வளவா வாங்கினேன்?” என்று தயங்கியபடி கேட்டார். அப்பா மீண்டும் கூட்டிப் பார்த்தார். பத்து வெள்ளி கூடுதலாக எழுதியிருந்தார். அவர் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உண்மையைச் சொன்னேன்.

அப்பா என்னைத் திட்டவில்லை. ஒட்டுவில்லையை மெல்ல உரித்தார். எண்கள் தோன்றின. பட்டையைக் கட்டைவிரலால் மறைத்தார். எண்கள் மங்கி மறைந்தன. விரலை எடுத்தார், மீண்டும் வந்தன. “இதற்கு வெளிச்சம்தான் சாப்பாடு, கண்ணு. நீ அதன் வாயை மூடிவிட்டாய்,” என்றார். பிறகு, “பாட்டியிடமும் நீயே சொல்,” என்றார். சொன்னேன்.

வெயிலே படாத கடைக்குள் அது எப்படி இயங்கியது? பள்ளியில் அறிவியல் படித்தபோதுதான் புரிந்தது. ஒரு பரப்பின்மீது விழும் ஒளியை லக்ஸ் என்னும் அலகால் அளக்கிறோம். நண்பகல் வெயில் ஏறக்குறைய 100,000 லக்ஸ். மேசைமீது விழும் விளக்கொளியோ சுமார் 300 முதல் 500 லக்ஸ்தான். கூரைகளில் பொருத்தும் படிகச் சிலிக்கான் தகடுகள் இந்த மங்கிய ஒளியில் திறம்படச் செயல்படுவதில்லை. படிக அமைப்பு இல்லாத சிலிக்கானோ விளக்கொளியை நன்கு உள்வாங்கி மின்சாரமாக மாற்றும். 1980இலேயே ஜப்பானியர்கள் அதைக் கணிப்பான்களில் பொருத்தினார்கள். கிடைக்கும் மின்சாரம் மிகக் குறைவு. ஆனால், கணிப்பானின் தேவையும் மிகக் குறைவு.

இன்று எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டிலும் அதே போன்ற பட்டை உள்ளது. உள்ளிருக்கும் மின்கலம் அறை வெளிச்சத்திலேயே மின்னேற்றம் பெறுகிறது. தீர்ந்த மின்கலங்களைக் குப்பையில் வீச வேண்டியதில்லை.

நேற்று என் மகன் அதைத் தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு விளையாடப் போனான். அப்பா அதை எடுத்தார். பட்டை மேலே தெரியும்படி மேசைமீது வைத்தார். பிறகு, என்னைப் பார்த்துச் சிரித்தார்.