மஞ்சளாற்றங்கரையில் சிறுத்தை பயம்

கோடை விடுமுறையில் கொடைக்கானல் போகிறவர்களுக்கு வத்தலக்குண்டைத் தாண்டியதுமே மலை ஏறும் அவசரம் வந்துவிடும். காட்ரோடு என்ற இடத்தில் பஸ் வலது கைப்பக்கம் திரும்பி மலைப்பாதையைப் பிடிக்கும். திரும்பாமல் பெரியகுளம் சாலையிலேயே நேரே போனால் சற்று தூரத்தில் வருகிற ஊர்தான் தேவதானப்பட்டி. இறங்கிப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் இறங்கினால் ஒரு நாள் போதாது!

வடக்கே சுவர் வைத்தாற்போல் பழனி மலைத்தொடர். அடிவாரம் முழுக்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும். கொடைக்கானல் பாதையில் டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எல்லோரும் வேடிக்கை பார்ப்பார்களே, எலிவால் அருவி என்ற தலையாறு அருவி, சுமார் 297 மீட்டர் உயரத்திலிருந்து வெள்ளிக் கம்பி மாதிரி விழுமே, அந்தத் தண்ணீர்தான் மஞ்சளாறாக இறங்கி இந்த ஊர்ப்பக்கம் வருகிறது. அதைத் தடுத்துக் கட்டியிருக்கிறார்கள், 57 அடி மஞ்சளாறு அணை.

ஆற்றங்கரையில் மூங்கிலணை காமாட்சியம்மன் கோயில். இங்கே ஒரு விசேஷம். கருவறைக் கதவைத் திறப்பதே இல்லை! மூடிய கதவுக்குத்தான் பூஜை, கதவுக்குத்தான் தீபாராதனை. கதவுக்கு முன்னால் நின்று மனசுக்குள் அம்மனைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். மகாசிவராத்திரி இங்கே பெரிய திருவிழா. நேர்த்திக்கடனாக நெய் கொண்டுவந்து கொடுப்பவர்கள் ஏராளம்.

இத்தனை அழகுக்கும் இன்னொரு முகம் உண்டு. மலையடிவாரத்தில் வீடு, தோட்டம், ஆட்டுக்கொட்டில் என்று இருப்பவர்களிடம் பேசினால் தெரியும்.

"புலி வந்துட்டுப் போயிருக்கு"

இந்தப் பக்கம் சிறுத்தையையும் 'புலி' என்றே சொல்கிறார்கள். தோட்டத்து வீடு ஒன்றில் வெள்ளாடு வளர்க்கும் ஒரு வயசான அம்மாவிடம் கேட்டேன்.

"பெரியம்மா, இங்கே சிறுத்தை வருமாமே, பயமா இல்லையா?"

"வராம என்ன தாயி? அது மலை, இது அடிவாரம். நடுவுல யாரு வேலி போட்டா? பயந்தா ஆடு வளக்க முடியுமா? பொழுது சாய முன்னாடி குட்டிகளக் கொடாப்புல போட்டு மூடிருவேன். ஆட்டத் தொழுவுல அடைச்சுருவேன். அம்புட்டுத்தான்."

"அப்படியும் ஆடு போனால்?"

"போனா யாரு தருவா? பேத்திக்கு ஸ்கூல் பீசு, மகளுக்குப் பேறுகாலச் செலவு, எல்லாம் இந்த ஆட்டுலதான்."

நகரத்தில் இருக்கிற நமக்கு இது ஒரு ஆடு. அந்த அம்மாவுக்கு அது பாஸ்புக். அவசரத்துக்கு நகையை அடகு வைப்போமே, அந்த மாதிரி அவர்களுக்கு ஆடு. சிறுத்தை வந்து அடித்துப் போடுவது அந்தச் சேமிப்பை. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் மேற்கொண்டு பேச வேண்டும்.

வந்தது யார்?

ஆடு செத்துக் கிடந்தால் உடனே சிறுத்தை மேல் பழி போடக் கூடாது. ஊர்நாய்க் கூட்டமும் ஆட்டைக் கடித்துக் கொல்லும். செந்நாய்களும் கொல்லும். அடையாளம் இருக்கிறது. சிறுத்தை பெரும்பாலும் கழுத்தைக் கவ்விக் கொல்லும். தொண்டையில் கோரைப்பல் இறங்கிய ஆழமான துளைகள் தெரியும். முடிந்தால் இரையை மறைவான இடத்துக்கு இழுத்துப் போய்விடும். நாய் அடித்த ஆட்டுக்குப் பின்னங்கால், தொடை, வயிறு என்று கண்ட இடத்திலும் கடி இருக்கும்.

கால் தடத்திலும் வித்தியாசம் உண்டு. சிறுத்தை பூனை இனம். நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். தடத்தில் நகம் பதியாது. நாயின் தடத்தில் விரல் நுனியில் நகக்குறி தெரியும்.

இருட்டில் பார்ப்பதும் ஏமாற்றும். காட்டுப்பூனையும் புனுகுப்பூனையும் டார்ச் வெளிச்சத்தில் சிறுத்தையாகத் தெரிந்துவிடும். அதற்காகப் பார்த்தேன் என்பவர்களை எல்லாம் கேலி செய்யவும் கூடாது. 2024 ஏப்ரலில் காவிரிக் கரையான மயிலாடுதுறையில் சிறுத்தை என்றபோது யாருக்கும் நம்பிக்கை வரவில்லை. மலையே இல்லாத ஊராயிற்றே! ஆனால் கண்காணிப்புக் கேமராவில் பதிவாகியிருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, கூண்டு வைத்து, நாள்கணக்கில் தேடினார்கள். பிடிபடவே இல்லை.

2022-ம் ஆண்டு கணக்கெடுப்பின் மதிப்பீட்டில் இந்தியாவில் 13,874 சிறுத்தைகள். அதில் தமிழ்நாட்டில் 1,070. புலிக்கு மான் வேண்டும், பெரிய காடு வேண்டும். சிறுத்தைக்கு நாய், கோழி, பன்றி எது கிடைத்தாலும் போதும். கரும்புத் தோட்டத்தில்கூடக் குடித்தனம் நடத்திவிடும்!

பிடித்துக்கொண்டு போனால் தீருமா?

ஊருக்குள் சிறுத்தை என்றதும், "கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுங்கள்" என்பதுதான் எல்லோருடைய முதல் பேச்சு. நியாயமான பேச்சாகத்தான் தோன்றும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னர் பகுதியில் 2001 முதல் 2003 வரை அப்படித்தான் நிறையச் சிறுத்தைகளைப் பிடித்து வேறு இடங்களில் விட்டார்கள். என்ன ஆயிற்று தெரியுமா? அதுவரை ஆண்டுக்குச் சராசரி 4-ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17-ஆக ஏறிவிட்டது! இதை ஆராய்ந்து எழுதியவர் ஒரு பெண்மணி, வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா. பழகிய இடத்தைவிட்டுத் தூக்கிவந்த விலங்கு, தெரியாத ஊரில் தடுமாறும். காலியான இடத்துக்கு வேறொரு சிறுத்தை வந்து சேரும்.

மனிதர் உயிருக்கே ஆபத்து என்று வரும்போது வனத்துறை பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆடு போனதற்கெல்லாம் கூண்டு மருந்தாகாது.

ஆத்திரத்தில் செய்யும் காரியம்

2022 செப்டம்பர் கடைசியில், இதே பெரியகுளம் வட்டாரத்தில், கைலாசநாதர் கோயில் மலைக்காட்டை ஒட்டிய தனியார் தோட்டத்துச் சோலார் வேலியில் ஒரு சிறுத்தை இறந்து கிடந்தது. அங்கே ஆட்டுக்கிடை போட்டிருந்த ஒருவரை வனத்துறை கைது செய்தது. ஆடு வளர்ப்பவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். தேனி மாவட்டமே அதைப் பற்றிப் பேசியது.

யார் மேல் தப்பு என்று சொல்வது நம் வேலை இல்லை. ஒன்றை மட்டும் பெண்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். சிறுத்தை, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கும் விலங்கு. அதைக் கொன்றால் ஜெயில். போன ஆட்டோடு வீட்டு ஆம்பிளையும் ஜெயிலுக்குப் போய்விட்டால் அடுப்பு எரிவது எப்படி? செத்த ஆட்டின் மேல் விஷம் தடவுவதும், வேலியில் கரண்ட் கொடுப்பதும் நம் வீட்டுப் பிள்ளையையே பலி வாங்கும். இதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொல்லக் கூடியவள் மனைவிதான்.

நம் கையில் இருப்பது

அந்தப் பெரியம்மா செய்கிற காரியத்தைத்தான் நிபுணர்களும் சொல்கிறார்கள்.

* ஆட்டுக்கொட்டிலுக்கு நாலு பக்கச் சுவர் மட்டும் போதாது. சிறுத்தை சுவரைத் தாண்டும், கூரையைப் பிரிக்கும். மேலேயும் கம்பி வலை வேண்டும். கதவில் இடுக்கு கூடாது. உள்ளே புகுந்துவிட்டால் ஒரே ராத்திரியில் பல ஆடுகள் போய்விடும்.

* பொழுது சாயும் முன் அடைத்துவிட வேண்டும். கொட்டில் பக்கம் புதர் மண்ட விடக் கூடாது. ஒரு விளக்கு எரியட்டும்.

* கோழிக் குடல், இறைச்சிக் கழிவு, மிச்சச் சாப்பாடு இவற்றை வீட்டைச் சுற்றிக் கொட்டாதீர்கள். அதற்கு நாய் வரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும்.

* ஆடு அடிபட்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தேவதானப்பட்டியிலேயே வனச்சரகம் இருக்கிறது. கால்நடை மருத்துவரின் சான்று வாங்குங்கள். இழப்பீடு கேட்க இவை அவசியம். ஆத்திரத்தில் புதைத்துவிட்டால் சாட்சி போய்விடும்.

இனி, குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களுக்கு. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் பந்தலூர் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் 3 வயதுப் பெண் குழந்தை சிறுத்தைக்குப் பலியானாள். 2025 ஜூனில் வால்பாறையில் இன்னொரு சிறுமி. இரண்டுமே பிழைக்க வந்த வடநாட்டுத் தொழிலாளிகளின் குழந்தைகள். நின்று நடமாடும் பெரியவர்களைக் கண்டால் சிறுத்தை பொதுவாக ஒதுங்கிப் போகும். குழந்தையும், குனிந்து உட்கார்ந்திருப்பவர்களும் அதன் கண்ணுக்குச் சின்ன இரையாகத் தெரியலாம்.

ஆகையால் மலையோர ஊர்களில் அந்தி சாய்ந்த பிறகு குழந்தையை வாசலில் தனியே விடாதீர்கள். விறகுக்கோ, வெளிக்கோ இருட்டில் தனியாகப் போகாதீர்கள். வீட்டோடு கழிப்பறை இருந்தால் பாதி ஆபத்து குறைந்தது. எதிரே பார்த்துவிட்டால் ஓட வேண்டாம், உட்காரவும் வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, சத்தமாகப் பேசியபடி மெதுவாகப் பின்னே நகருங்கள். கூட்டம் கூடி விரட்டுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. தோட்டத்தில் குட்டி கிடந்தால் தொடாதீர்கள். தாய் தேடி வரும்!

போகிறவர்களுக்கு...

வத்தலக்குண்டு, பெரியகுளம் இரண்டு ஊரிலிருந்தும் தேவதானப்பட்டிக்கு பஸ் வசதி உண்டு. காலையில் அம்மனைத் தரிசித்து, அணையைப் பார்த்து, மாம்பழக் காலமானால் ஒரு கூடை வாங்கிக்கொண்டு வெளிச்சத்தோடு திரும்பிவிடலாம். 2013-லிருந்து இந்த மலைக்காடு கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்தைச் சேர்ந்தது. அணைக்கு மேலே காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையக் கூடாது. சாப்பிட்ட மிச்சத்தையும் பிளாஸ்டிக் பையையும் மலையோரம் வீசாதீர்கள். நாம் போட்டுவிட்டு வரும் எச்சில் இலைக்கு இரவில் நாய் வரும். அதன் பின்னால் எது வரும் என்று உங்களுக்கே தெரியும். அதை எதிர்கொள்ள வேண்டியது, குட்டிகளைக் கொடாப்புக்குள் மூடிக்கொண்டிருக்கும் அந்தப் பெரியம்மாதான்.