சுவரோரத்து மேப்பிள்

அக்டோபர் 19, சனி. ஸ்காபரோ.

கூடத்துத் தரை முடிந்தது. முக்கால் அங்குலத் தடிப்புள்ள மேப்பிள் பலகை. சுவரைச் சுற்றிலும் முக்கால் அங்குல இடைவெளி விட்டிருக்கிறோம். பார்க்க வருபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். ரொறன்ரோவின் கோடை ஈரத்தில் பலகை அகலவாட்டில் விரியும். குளிர்காலத்தில் ஹீற்றர் ஓடத் தொடங்கியதும் சுருங்கும். நீளவாட்டில் அசைவு மிகக் குறைவு. விரிய இடமில்லாவிட்டால் பலகை சுவரை முட்டி நடுவில் கிளம்பிவிடும். இனி வாங்கப்போகும் ஓரப்பட்டைகள் இந்த இடைவெளியை மறைக்க வேண்டும், அடைக்கக் கூடாது.

அக்டோபர் 22, செவ்வாய்.

மரக்கடையில் மாலை முழுவதும் போனது. சுவரடியில் ஓடும் பேஸ்போர்ட் பட்டை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். என்றால் மலிவு, வெள்ளை பெயின்ட் அடித்தால் பார்வைக்குக் குறையில்லை. ஆனால் எங்கள் வாசலில் பனிச் சப்பாத்துகளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டே இருக்கும். எம்.டி.எஃப். அடியில் ஒருமுறை ஊறி உப்பினால் பழைய நிலைக்கு வராது. மேப்பிளையே எடுத்தேன்.

நிறம் பூசுவதில்லை என்றும் முடிவு. மேப்பிள் சாயத்தை ஒரே சீராகக் குடிக்காது. கடையில் கரும்பழுப்பு பூசி வைத்திருந்த மாதிரித் துண்டு திட்டுத்திட்டாக இருந்தது. எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளிக்கும் என்பதால், தரைக்குப் பூசிய அதே தண்ணீர்ப் பாலியுரேத்தேன்தான் பட்டைக்கும். பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். வெளிமரம் பால் வெள்ளை, வைரம் பழுப்பு. பலர் பழுப்புக் கோடு ஓடியதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அந்தக் கோடுதான் மரத்தின் அழகு. அவற்றைக் கூடத்தின் நெடுஞ்சுவருக்கென்று எடுத்து வைத்தேன்.

பேஸ்போர்ட்டின் தடிப்பு அரை அங்குலம். மிச்சக் கால் அங்குலத்தை அதன் காலடியில் வரும் ஷூ மோல்டிங் மூடும். அதற்குப் பதிலாகக் கால்வட்டப் பட்டையான குவார்ட்டர் ரவுண்ட் வைத்தால் முக்கால் அங்குலம் வெளியே தள்ளி நிற்கும். ஷூ அரை அங்குலம்தான். சிறிய அறைக்கு இதுவே எடுப்பு.

அக்டோபர் 27, ஞாயிறு.

பட்டைகள் கூடத்திலேயே படுத்து வீட்டுக் காற்றுக்குப் பழகுகின்றன. முதல் பூச்சு முடிந்தது.

நவம்பர் 2, சனி.

எங்கள் தெருவில் இருக்கும் ஓடாவியார் அண்ணை காலையிலேயே வந்துவிட்டார். மேப்பிள் இறுகிய மரம். மரத்தின் கடினத்தைக் காட்டும் ஜாங்கா அளவில் கடின மேப்பிள் 1450, சிவப்பு ஓக் 1290. விளிம்போரத்தில் நேரே ஆணி அடித்தால் மரம் வெடிக்கும், அல்லது ஆணி வளையும். அதனால் முதலில் சன்னத் துளை. வாளையும் ஒரே வேகத்தில் இறக்க வேண்டும்; சற்றுத் தயங்கினாலும் வெட்டுமுகம் கருகுகிறது.

உள்மூலையில் அண்ணை இரண்டு பட்டையையும் 45 பாகையில் வெட்டிச் சேர்க்கவில்லை. ஒன்றை நேராக வெட்டிச் சுவரில் முட்ட வைத்தார். மற்றதை 45இல் சரித்து வெட்டியதும் அதன் முகத்தில் பட்டையின் வடிவம் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டின் வழியே கோப்பிங் வாளை உள்பக்கம் சாய்த்து அறுத்து, அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்து, முதல் பட்டையோடு சேர்த்தார். கடதாசி நுழைய இடமில்லை. வீட்டுச் சுவர்கள் சரியான 90 பாகையில் நிற்பதே அபூர்வம். இந்த மூட்டுக்கு அது பொருட்டில்லை. வெளிமூலைக்கு மட்டும் 45, பசையோடு.

பேஸ்போர்ட்டைச் சுவருக்குள் இருக்கும் ஸ்டட்களில் அடித்தோம். ஷூவை எடுத்ததும் அண்ணை என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, நிலத்தில அடிக்காதேயுங்கோ. பேஸ்போர்ட்டில மட்டும் அடியுங்கோ. நிலம் அதுக்குக் கீழால போய் வரவேணும்.”

நவம்பர் 3, ஞாயிறு.

வாசற்படிகள். சமையலறை ஓடும் மேப்பிளும் ஒரே உயரம். அங்கே டி வடிவப் பட்டை. அதன் நடுக்கால் இடைவெளிக்குள் இறங்கி அடித்தளத்தில் மட்டும் பிடித்துக்கொள்கிறது. படுக்கையறை லாமினேட் தாழ்ந்தது. அங்கே சரிவான ரிடியூசர்.

ஜனவரி 18, சனி.

வீட்டுக்குள் ஈரப்பதம் 32 சதவீதம். பலகைகளுக்கு இடையே மெல்லிய கோடுகள் தெரிகின்றன, கோடையில் மூடும். மூலைகள் எதுவும் பிரியவில்லை. இனி மாடிப்படியின் விளிம்புப் பட்டை. காலின் முழுப் பாரமும் அதன்மேல் இறங்கும் என்பதால் அதை அசைய விடக் கூடாது: பசை, ஸ்க்ரூ இரண்டும் வேண்டும். அண்ணை அடுத்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு படியின் அகலத்தையும் தனித்தனியாக அளந்து வைக்கச் சொன்னார்.