மூன்று ஏக்கருக்கு எத்தனை லாரித் தண்ணீர்?

“என் நிலத்துக்கு அடியில் ஊறும் தண்ணீர் எனக்குச் சொந்தம்.” பிரதிவாதியின் எதிருரை முழுக்க இந்த ஒரே வாதத்தின் மேல் நின்றது. சட்டமும் அவர் பக்கம்தான் இருப்பதுபோலத் தெரிந்தது. 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மெண்ட் சட்டம், ஏழாவது பிரிவின் விளக்கங்களில் ஒன்றாக, நிலத்தடியில் திட்டமான கால்வாயாக ஓடாத தண்ணீரைச் சேர்த்துப் பயன்படுத்தும் உரிமையை நில உரிமையாளருக்கே கொடுக்கிறது.

வழக்கு கொங்குப் பகுதியின் ஒரு சிற்றூரிலிருந்து வந்தது. பிரதிவாதிக்கு அங்கே 3 ஏக்கர் நிலம். அதில் 800 அடிக்கும் அதிக ஆழத்தில் போர்வெல்கள் போட்டு, பக்கத்து நகரத்துச் சாயப்பட்டறைகளுக்கும் ஓட்டல்களுக்கும் லாரியில் தண்ணீர் விற்றார். சுற்றியிருந்த திறந்த கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வற்றின. வாதிகளில் மூத்தவர், கணவர் காலமான பிறகு தனியாகத் தோட்டம் பார்த்துவந்த ஓர் அம்மா. “அரை மணி நேரம் மோட்டாரு ஓடறதுக்குள்ள காத்து உறிஞ்சுதுங்க தம்பி. தென்னைக்கு எங்கீங்க பாயும்?” என்றார். தண்ணீர் விற்பனையைத் தடுக்க நிரந்தர உறுத்துக் கட்டளை கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் பிராது தாக்கல் செய்தோம்.

எதிர்த்தரப்பு வக்கீல் அனுபவசாலி. 1859-இல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபை தீர்த்த சேஸ்மோர் வழக்கை எடுத்து வைத்தார். குராய்டன் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்க ஆழக் கிணறு வெட்டியதால் ஆற்றில் நீர் குறைந்துபோன ஓர் ஆலைக்காரரின் வழக்கு அது. ஆலைக்காரர் தோற்றார். கேரளத்தின் பிளாச்சிமடா வழக்கையும் விடவில்லை. நிலத்தடி நீர் பொதுச்சொத்து என்று 2003-இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி சொன்னதை 2005-இல் டிவிஷன் பெஞ்ச் ஏற்காமல், குளிர்பான ஆலை நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்ததைச் சுட்டிக்காட்டினார். தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டமும் 2013-இல் ரத்தாகிவிட்டிருந்தது. நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த எங்களுக்கு எஞ்சியிருந்தது 2014-இல் வந்த 142-ஆம் எண் அரசாணைதான்.

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. எங்கள் பிர்க்கா (பல ஊர்கள் அடங்கிய வருவாய்க் குறுவட்டம்) அரசுக் கணக்கில் ‘ஓரளவு அபாயம்’ என்ற பிரிவில்தான் இருந்தது. ஆண்டுக்கு ஊறும் நீரில் எடுக்கத்தக்க அளவில் 70 சதவீதம் வரை எடுத்தால் அது பாதுகாப்பான பிர்க்கா. 70 முதல் 90 வரை ஓரளவு அபாயம், 90 முதல் 100 வரை அபாயம், அதற்கு மேல் போனால் மிகைச் சுரண்டல். “இன்னும் மிச்சம் இருக்கிறது, பிறகென்ன தடை?” என்பது அவர் கேள்வி. இதைச் சொல்ல ஓய்வுபெற்ற நிலவியலாளர் ஒருவரைச் சாட்சியாக அழைத்திருந்தார்.

வழக்கின் திருப்பம் அந்த நிலவியலாளரின் குறுக்கு விசாரணையில் வந்தது. அதற்கான ஆவணத்தைத் தந்தவரே பிரதிவாதிதான். இடைக்காலத் தடையால் எவ்வளவு நட்டம் என்று காட்ட, தன் லாரிப் பதிவேட்டை அவரே தாக்கல் செய்திருந்தார். சராசரியாக நாளுக்கு 30 லாரி, ஒவ்வொன்றும் 12,000 லிட்டர்.

“ஐயா, இந்தப் பக்கத்தில் ஆண்டு மழை எவ்வளவு?”

“சுமார் 700 மில்லிமீட்டர்.”

“பாறை நிலத்தில் அதில் எவ்வளவு உள்ளே இறங்கும்?”

“தாராளமாக வைத்தால் 10 சதவீதம்.”

“அப்படியானால் 3 ஏக்கரில் பெய்த மழையில் ஓர் ஆண்டுக்கு மண்ணுக்குள் போவது?”

அவர் காகிதம் கேட்டார். நீதிபதி அனுமதித்தார். கணக்குப் போட்டு, “ஏறத்தாழ எட்டரை லட்சம் லிட்டர்” என்றார். எழுபது லாரி. பிரதிவாதியின் சொந்தப் பதிவேட்டின்படி அது இரண்டரை நாள் விற்பனைக்குக்கூடக் காணாது.

அடுத்து, மீதித் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். சிதைந்த பாறையில் கன அளவில் நூற்றுக்கு இரண்டு பங்குபோலத்தான் எடுக்கக்கூடிய நீர் இருக்கும் என்றும், நாளுக்கு 3,60,000 லிட்டர் எடுப்பது, நாலரை ஏக்கர் பரப்பில் நீர்மட்டத்தை ஒரே நாளில் 1 மீட்டர் இறக்குவதற்குச் சமம் என்றும் விளக்கினார். “அப்போது பக்கத்துத் தோட்டங்களுக்கு அடியிலிருந்தும் வருகிறது என்று சொல்லலாமா?” “வேறு வழியில்லை” என்றார். பிர்க்காவின் சதவீதம் பல ஊர்களுக்குமான சராசரிதான், தனி ஒரு கிணற்றின் நிலையை அது சொல்லாது என்பதையும் ஒப்புக்கொண்டார். எதிர்த்தரப்புச் சாட்சியானாலும் நேர்மையான மனிதர்.

இறுதி வாதத்தில் நான் வைத்தவை இரண்டு. முதலாவது, ஈஸ்மெண்ட் சட்டம் தரும் உரிமை நில உரிமையாளரின் ‘எல்லைக்குள்’ பயன்படுத்துவதற்கானது, எல்லை தாண்டி லாரியில் ஏற்றுவதற்கல்ல. இரண்டாவது, 1859-இல் நிலத்தடி நீர் எந்த வழி வருகிறது, எந்த வழி போகிறது என்று யாராலும் சொல்ல முடியவில்லை, அந்த அறியாமையின் மேல் எழுந்த விதியை, சாட்சிக் கூண்டில் காகிதமும் பேனாவும் கொண்டு அளவு சொல்ல முடிகிற காலத்தில் அப்படியே பிடித்துக்கொண்டிருக்க முடியாது.

நிலத்தடி நீர் யாருக்குச் சொந்தம் என்ற பெரிய கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. பிரதிவாதி தன் வீட்டுக்கும் வயலுக்கும் வேண்டிய நீரை எடுத்துக்கொள்ளலாம், அந்த அரசாணைப்படி அரசுத் துறையின் தடையின்மைச் சான்று பெறாமல் வெளியே விற்கக் கூடாது, போர்களில் மீட்டர் பொருத்த வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மேல்முறையீட்டிலும் அது நின்றது.

பின்னர் 2018-இல் இரண்டு தீர்ப்புகள் வந்தன. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றம், டெல்டாவின் நிலத்தடி நீரில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்து, தமிழ்நாட்டின் பங்கைக் குறைத்தது. மாநிலத்துக்கு மாநிலம் பங்கு பிரிக்கும்போதே மண்ணுக்குள் இருப்பதையும் எண்ணுகிறார்கள் என்றால், கிணற்றுக்குக் கிணறு எண்ணாமல் இருக்க நியாயமில்லை. அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியில்லாமல் வணிகத்துக்காக நிலத்தடி நீர் எடுப்பது திருட்டுக் குற்றமாகும் என்றது.

இப்படி ஒரு பிரச்சினையோடு இப்போது வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பட்டாவை அல்ல, அளவை. உங்கள் கிணற்றின் நீர்மட்டத்தை ஒரே இடத்திலிருந்து மாதம் ஒரு முறையாவது அளந்து தேதியோடு எழுதிவையுங்கள். கோடையில் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும் தவறாமல் அளவெடுங்கள். உங்கள் பிர்க்கா எந்தப் பிரிவில் இருக்கிறது, அருகிலுள்ள அரசுக் கண்காணிப்புக் கிணற்றின் அளவுகள் என்ன என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். கிணறு வற்றிய பிறகு அழுதுகொண்டு வருவதைவிட, வற்றும்போதே எழுதிய நோட்டோடு வாருங்கள்.