தனிக் குவளை

சூரிச் நகரின் பிரதான புகையிரத நிலையத்துக்கு அருகே, தேசிய நூதனசாலையின் பின்புறமாக, லிம்மாத், சீல் என்னும் இரு நதிகள் கூடும் முனையில் பிளாற்ஸ்பிட்ஸ் என்றொரு பூங்கா உண்டு. இன்று அங்கே முதியோர் மரநிழலில் இளைப்பாறுகின்றனர். அப்பூங்காவைக் கடக்குந்தோறும் எமக்கு ஒரு கண்ணாடிக் குவளையே நினைவுக்கு வருகிறது. அக்குவளையின் கதையை மறைத்துவிட்டு, இந்நாட்டில் நாம் வாழ்ந்த வாழ்வுக்குக் கணக்கெழுத முடியாது.

1980களில் அகதிகளாக இங்கு வந்த ஈழத்தவர் பலரைப் போலவே நாமும் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினோம். நள்ளிரவில் வேலை முடிந்து திரும்பும் வழியில் அப்பூங்கா தெரியும். மழையிலும் பனியிலும் நூற்றுக்கணக்கானோர் அங்கே நிலத்தில் அமர்ந்து ஹெரோயினை நரம்பில் ஏற்றிக்கொண்டிருப்பர். தமிழன் என்றாலே ஹெரோயின் விற்பவன் என ஐயுறும் வழக்கம் அந்நாளில் இங்கிருந்தது. ஆகவே தலையைக் கவிழ்த்துக்கொண்டு விரைந்து நடப்போம். அங்கிருந்தவர் முகங்களை நாம் நோக்கியதில்லை.

ஒருநாள் அம்முகங்களுள் ஒன்று எமது அறையிலேயே இருப்பதை அறிந்தோம். எம்மிலும் இளையவன்; கடும் உழைப்பாளி. ஊரிலே தமையன் கொல்லப்பட்ட செய்தி வந்தபின் அவன் பூங்காவுக்குப் போகத் தொடங்கியிருந்தான். உண்மை தெரிந்ததும் நாம் செய்தது யாது? அவனுக்கென ஒரு குவளையையும் ஒரு பீங்கானையும் ஒதுக்கி, யன்னலோரத்தில் தனியே வைத்தோம். எயிட்ஸ் பற்றிய அச்சம் என்று எமக்கு நாமே நியாயம் கூறிக்கொண்டோம். அவன் ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் கழித்து, "அண்ணை, நான் வேற இடம் பாத்திட்டன்" என்று மட்டும் சொல்லிப் போனான். நாம் தடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையையும், 1960களின் பிற்பகுதியில் அதற்கெதிராக எழுந்த போராட்டங்களையும் கண்டு வளர்ந்தவர்கள் நாம். மாணவப் பருவத்தில் அதுபற்றி மேடையேறியும் பேசியவர்கள். கடல் கடந்து வந்து அதே குவளையை எமது கையாலேயே எடுத்து வைத்தோம்!

அவன் உடலில் அப்போது புகுந்தது எயிட்ஸ் கிருமி அன்று. ஹெபடைற்றிஸ் சி என்னும் ஈரல் அழற்சிக் கிருமி. ஏ வகையும் அல்லாதது, பி வகையும் அல்லாதது என்று மட்டும் நெடுங்காலம் அழைக்கப்பட்ட அதனை விஞ்ஞானிகள் இனங்கண்டது 1989இலேதான். அது குவளையால் பரவுவதில்லை. உடனிருந்து உண்பதாலும் தழுவுவதாலும் பரவுவதில்லை. குருதியோடு குருதி கலப்பதாலேயே பரவுகிறது. பலர் கைமாறும் ஊசி மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் கரண்டியும், வடிகட்டும் பஞ்சும், பொதுவில் வைத்த நீருங்கூட அதனைச் சுமக்கும். பயன்படுத்திய ஊசிக் குழலினுள் அது வாரக்கணக்கில் உயிர்த்திருக்கவல்லது. தொற்றியவர் பத்துப் பேரில் ஏறத்தாழ எழுவர் உடலில் அது நிலைத்துவிடும். பின்னர் இருபது, முப்பது ஆண்டுகள் ஓசையின்றி ஈரலைத் தின்னும்.

ஒருவன் மற்றவனுடைய ஊசியை எடுப்பது ஏன்? தன்னிடம் புது ஊசி இல்லாமையால். அது இல்லாமற் போனது ஏன்? 1985இல் சூரிச் மாநிலத் தலைமை வைத்திய அதிகாரி, போதைப்பொருள் பாவிப்போருக்குச் சுத்தமான ஊசி வழங்குவதைத் தடைசெய்தார். வைத்தியர் பலர் வெளிப்படையாகவே அத்தடையை மீறினர். மறு ஆண்டு அது நீங்கியது. பின்னர் அப்பூங்காவிலேயே நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ஊசிகள் வழங்கப்பட்டன. 1992 பெப்ரவரியில் பூங்கா மூடப்பட்டதும் கூட்டம் கைவிடப்பட்ட லெற்றன் நிலையத்துக்கு நகர்ந்தது. 1995இல் அதுவும் மூடப்பட்டது. விரட்டுவதால் மனிதர் இடம் மாறுவரேயன்றி நோய் மாறாது என்பதை இந்நாடு மெல்லக் கற்றது. 1994 முதல் வைத்தியர் மேற்பார்வையில் ஹெரோயினே சிகிச்சையாக வழங்கப்பட்டது. 2008இல் நடந்த வாக்கெடுப்பில் மக்களில் 68 வீதத்தினர் அவ்வழியை ஏற்றனர்.

அவனோ எப்போதோ அப்பழக்கத்தை விட்டொழித்து, மணம் புரிந்து, பிள்ளைகளை வளர்த்திருந்தான். 2016இல் ஒரு நாள் அவனுடைய குரல் தொலைபேசியில் ஒலித்தது: "அண்ணை, ஆஸ்பத்திரிக்கு ஒருக்கா என்னோட வருவியளோ? டொக்டர் சொல்லுறது முழுக்க விளங்குதில்லை. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகேலாது."

போனோம். வைத்தியர் கூறியதை நாம்தான் மொழிபெயர்த்தோம். நோயை அடியோடு நீக்கும் மாத்திரை வந்துவிட்டது. பன்னிரண்டு வாரம் உண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமடைவர். ஆனால் அதன் விலை மிக அதிகம். 2013இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டொலர்! ஆகவே ஈரல் குறிப்பிட்ட அளவுக்குக் கெட்டவருக்கே இங்கு காப்புறுதி பணம் கொடுத்தது. "உமது ஈரல் போதிய அளவு கெட்டிருக்கிறது; ஆதலால் மருந்து கிடைக்கும்" என்ற வாக்கியத்தைத் தமிழில் சொல்ல எமக்கு நாவெழவில்லை. மறு ஆண்டு, 2017இல், அக்கட்டுப்பாடு நீங்கியது. அதுவரை, கெடட்டும் என்று எத்தனை ஈரல்கள் காத்திருந்தனவோ!

கிருமி நீங்கியது, ஈரலின் தழும்பு நீங்கவில்லை. இறுதிப் பரிசோதனை முடிந்த அன்று எம்மைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்றான். அவனுடைய மனைவி ஒரே மாதிரியான மூன்று குவளைகளில் தேநீர் கொண்டுவந்தார். யன்னலோரத்துக் குவளையைப்பற்றி அவன் பேசவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல் தேடினோம், கிடைக்கவில்லை.

எமது தாயகத்தில் ஹெரோயினைப் பெரும்பாலோர் புகையாகவே உள்ளிழுக்கின்றனர். ஊசியால் ஏற்றுவோர் சிலரே. ஆதலால் இந்நோய் அங்கே இவ்வழியில் பெருகவில்லை. ஆனால் குவளையைப் பிரித்து வைக்கும் கை அங்கும் உண்டு. நோயைச் சுமக்காத குவளையைப் பிரிக்கிறோம். நோயைச் சுமக்கும் ஊசியை அவனவனுக்குத் தனியே கொடுக்க மறுக்கிறோம். ஊசியைப் பகிர்ந்தவன் குற்றவாளி என்றால், அதனை மறுத்த நாம் யார்? அக்கேள்விக்கு விடை தேடவே இதனை எழுதினோம்.